ரோதாங் காட்டுவதாக 68,000 ரூபாய் வாங்கிச் சுரங்கப்பாதையைக் காட்டி அனுப்பினார்கள்

மணாலிக்குச் செல்லத் திட்டமிடுவோர், குறிப்பாக ரோதாங் கணவாயில் பிள்ளைகளுக்குப் பனியைக் காட்டிவிடலாம் என்று எண்ணி 'எல்லாம் சேர்த்து ஒரே விலை' வகைப் பேக்கேஜுக்குப் பணம் கட்டவிருப்போர், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பத்திடம் 68,000 ரூபாயை முழுமையாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, எதற்காக அந்தப் பேக்கேஜை எடுத்தோமோ அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எங்களை அழைத்துச் செல்லவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. இணையத்தில் பணம் வாங்கி, அங்குள்ள ஏதோ ஒரு ஏஜென்டிடம் பயணியை ஒப்படைத்துவிடும் சுற்றுலா இணையதளங்களில் ஒன்று அது.

தொலைபேசியில் பேசியவர் நல்ல தமிழில் பேசினார். பெரியவர்கள் யாரேனும் வருகிறார்களா என்று அவராகவே கேட்டார். மாமியாருக்கு முட்டி வலி என்றதும், மறுநாளே தரைத்தள அறையின் புகைப்படத்தை நான் கேட்காமலேயே அனுப்பினார். "அக்கா, ரோதாங் பர்மிட் முழுக்க எங்க பொறுப்பு. அம்மாவ முன் சீட்ல உக்கார வச்சு, பனி இருக்கிற எடம் வரைக்கும் வண்டியிலேயே கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார். இவ்வளவு அக்கறையாகப் பேசும் மனிதரிடம் பாதிப் பணம் இப்போது, மீதி அங்கு வந்து என்று பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. அன்று மாலையே 68,000 ரூபாயும் சென்றுவிட்டது.

பயண அட்டவணையில் ரோதாங் செவ்வாய்க்கிழமைக்குப் போடப்பட்டிருந்தது. சாலைப் பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் ரோதாங்குக்குச் சுற்றுலா வாகனங்களை விடுவதில்லை என்பது மணாலியில் தேநீர்க்கடைக்காரர் வரை அனைவருக்கும் தெரிந்த செய்தி. அங்கு தொழில் செய்யும் ஏஜென்டுக்குத் தெரியாதாம்! விடுதி வரவேற்பாளர் சொல்லித்தான் எங்களுக்கு அது தெரிந்தது. கேட்டபோது, புதன்கிழமைக்கு மாற்றிவிட்டோம், பர்மிட் தயார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது.

அந்தப் பர்மிட் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 3,978 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தக் கணவாயின் சுற்றுச்சூழலைக் காக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வாகனங்களுக்கு வரம்பு விதித்திருக்கிறது. நாளொன்றுக்கு 800 பெட்ரோல் வண்டிகள், 400 டீசல் வண்டிகள், அவ்வளவுதான். குலு மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் குறிப்பிட்ட நாளுக்கு, குறிப்பிட்ட வண்டி எண்ணுக்கு அனுமதி வழங்கப்படுகிறது. ஒரு வண்டிக்கு வாங்கிய அனுமதியில் இன்னொரு வண்டி போக முடியாது.

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். வழியில் ஓட்டுநர் தனக்குப் பழக்கமான கடையில்தான் நிறுத்துவேன் என்று நிறுத்தி, பனி உடையும் காலணியும் வாடகைக்கு எடுக்க வைத்தார். தலைக்கு 500 வீதம் 2,500 ரூபாய், 68,000க்கு மேல். காலணிகளின் உள்ளே முந்தைய நாள் ஈரம் அப்படியே இருந்தது. என் மகனுக்குக் கொடுத்த ஜோடியில் ஒன்றின் மேல் 41 என்றும் மற்றொன்றின் மேல் 14 என்றும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. இரண்டும் இடது கால்.

குலாபா சோதனைச் சாவடியில் காவலர் பர்மிட்டைப் பார்த்தார், வண்டியின் முன்புறம் சென்று நம்பர் பிளேட்டைப் பார்த்தார், ஓட்டுநரிடம் ஏதோ கேட்டார், திருப்பி அனுப்பிவிட்டார். பர்மிட்டில் இருந்தது வேறு வண்டியின் எண். எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து மேலே சென்றன.

அங்கிருந்து இறக்கி சோலங் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தார்கள். ஜூன் மாதத்தில் அங்கு பனி இல்லை. ரோப்காரும் பாராகிளைடிங்கும் குதிரைக்காரர்களும்தான். வெயிலில் பனி உடையுடன் நாங்கள் ஐவரும் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் எரிகிறது. பிறகு அடல் சுரங்கப்பாதை வழியாக, அதன் மறுபக்கத்தில் உள்ள சிஸ்ஸு கிராமம் வரை அழைத்துச் சென்றார்கள். 2020இல் திறக்கப்பட்ட, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் போவதற்கு ரோதாங் பர்மிட் தேவையே இல்லை. ரோதாங் எங்கே என்று மாமியார் கேட்டதற்கு ஓட்டுநர், "மாஜி, இந்த மலைக்கு மேலேதான் ரோதாங், நாம் அதற்கு அடியில் போய் வந்துவிட்டோம்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

'உள்ளூர்ச் சுற்றுலா, முழு நாள்' என்று எழுதியிருந்த நாளும் இதே லட்சணம்தான். தேவதாரு மரங்களுக்கு நடுவே 1553இல் மரத்தால் எழுப்பப்பட்ட ஹடிம்பா தேவி கோயில் (நம் மகாபாரத இடும்பிதான்), வெந்நீர் ஊற்றுள்ள வசிஷ்ட், மால் ரோடு ஆகிய மூன்றையும் மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். அட்டவணையில் அச்சிட்டிருந்த நக்கர் கோட்டையும் அங்குள்ள ரஷ்ய ஓவியர் ரோரிச்சின் ஓவியக்கூடமும் 'உங்கள் பிளானில் இல்லை' என்றாகிவிட்டன. ஹடிம்பா கோயிலுக்கு நுழைவுக்கட்டணமே கிடையாது. எங்கள் பில்லில் 'நுழைவுக்கட்டணங்கள் உட்பட' என்று இருக்கிறது.

இனி அலைக்கழிப்பு. மணாலி ஏஜென்ட், வானிலை காரணமாகச் சாலை மூடப்பட்டது என்றார். மற்ற வண்டிகள் போனதை என் கணவர் எடுத்த வீடியோவை அனுப்பினேன். அதன் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. இணையதளத்தின் சேவை மையம், தாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்றது. தமிழில் பேசியவருக்கு அழைத்தால், "மேடம், நான் சேல்ஸ் மட்டும்தான்" என்றார். பணம் போகும் வரை அக்கா, போன பின் மேடம். மின்னஞ்சலில் அனுப்பிய புகார் 'தீர்க்கப்பட்டது' என்று குறிக்கப்பட்டு மூடப்பட்டது. கடைசியாக, அடுத்த பயணத்துக்கு 2,000 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். 68,000 ரூபாய்க்கு 2,000 ரூபாய், அதுவும் அவர்களிடமே மறுபடி செலவழிக்க! வழக்குப் போடுவதென்றால் டெல்லியில்தான் போட முடியும் என்ற மிரட்டல் வேறு. அது பொய், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம்.

பயணத் திட்டமிடல் குறித்து விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. பர்மிட்டின் படத்தை நம்பாதீர்கள். அதிலுள்ள வண்டி எண்ணும் வாசலில் வந்து நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றா, தேதி சரியா என்று ஏறுவதற்கு முன் பாருங்கள். செவ்வாய்க்கிழமை ரோதாங் என்று எழுதியிருந்தால் அந்த ஏஜென்டே வேண்டாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். சாவடியைத் தாண்டும் வரை பனி உடை எடுக்காதீர்கள், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி இணையதளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே போனில் மட்டும் பேசாமல் எழுத்தில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கும் பதிந்துவிட்டேன். அந்த ஒரு மாதம் முடிந்ததும் 68,000 ரூபாய்க்கும் காலணி வாடகைக்கும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன்.