சாப் 900 டர்போ கன்வெர்ட்டிபிள்: பல வருஷமா ஓட்டிட்டு இருக்கறவனோட அனுபவம்

ஸ்வீடன் கார் சாப் 900 டர்போ கன்வெர்ட்டிபிள் (டாப்ப இறக்கி ஓட்டுற கார்) வச்சிருக்கேன்னு சொன்னதும் எல்லாரும் முதல்ல கேக்குறது எவ்ளோ ஸ்பீடு போகும்ங்கறது தான். இந்த வண்டிய புரிஞ்சிக்க அந்த கேள்வி உதவாது. 16 வால்வு டர்போ எஞ்சின் 1984ல வந்தப்ப 175 குதிரை சக்தி, இன்னிக்கு அது பெரிய விஷயமே இல்ல. பாக்க வேண்டிய நம்பர் டார்க், அதாவது எஞ்சினோட முறுக்கு விசை, 273 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்துறப்பயே. அதாவது ஹைவேல நாலாவது கியர்ல ஒரு லாரி பின்னாடி போயிட்டு இருக்கீங்க, முந்த இடம் கிடைக்குது, கியர் மாத்தவே வேணாம், ஆக்ஸிலரேட்டர மிதிச்சா ஒரு நொடி ஒண்ணும் நடக்காது, அப்புறம் மெல்லிசா ஒரு விசில் சத்தம், அடுத்து பாத்தா லாரி சைடு கண்ணாடில சின்னதா தெரியும். ஸ்வீடனோட கோத்தன்பர்க்ல பல வருஷமா இத ஓட்டுறேன், அந்த ஒரு நொடி காத்திருப்பு எனக்கு இன்னும் சலிக்கல.

டர்போன்னா எக்ஸாஸ்ட் வாயுவோட வேகத்துல சுத்தி, எஞ்சினுக்குள்ள கூடுதலா காத்த அமுக்கி ஏத்துற ஒரு விசிறி. சாப் ஏன் டர்போ பக்கம் போனாங்கங்கறதுல தான் இந்த காரோட கதையே இருக்கு. 1937ல ஸ்வீடன்ல விமானம் செய்ய ஆரம்பிச்ச கம்பெனி, ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் தான் கார் பக்கம் வந்தாங்க, கார் உலகத்துல கடைசி வரைக்கும் சின்ன கம்பெனி தான். எழுபதுகள்ல அவங்க 99 மாடலுக்கு இன்னும் பவர் வேணும்னு ஆச்சு, ஆனா புதுசா ஒரு ஆறு சிலிண்டர் எஞ்சின் உருவாக்குற அளவுக்கு கையில காசு இல்ல. பிரிட்டன் ட்ரயம்ஃப் கம்பெனியோட வி8 எஞ்சின 99க்குள்ள வச்சி கூட ஓட்டிப் பாத்தாங்க, சரிப்படல. அப்போ பெர் கில்பிராண்ட்னு ஒரு எஞ்சினியரும் அவரோட ஆட்களும் இருக்கற 2 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சின்லயே டர்போ மாட்டினாங்க. 1969லயே லாரி கம்பெனி ஸ்கானியாவோட இணைஞ்சிட்டதால லாரி டீசல் எஞ்சின்ல டர்போ வச்ச அனுபவம் ஒரே குடும்பத்துக்குள்ள இருந்துச்சு. ஆனா பெட்ரோல் கார்ல அந்த நேரத்துல டர்போன்னா ரேஸ் சமாச்சாரம், 1973ல வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ எல்லாம் எஞ்சின் நல்லா சுத்தின அப்புறம் தான் உதைக்கும். கில்பிராண்ட் டாப் ஸ்பீட விட்டுட்டு தினமும் ஆபீஸ் போறவனுக்கு எங்க பவர் வேணும்னு யோசிச்சாரு. சின்ன டர்போவா போட்டா சீக்கிரமே சுத்த ஆரம்பிச்சிடும், பிரஷர் எல்லை மீறாம இருக்க வேஸ்ட்கேட்னு ஒரு வால்வு வழியா எக்ஸாஸ்ட் வாயுவ டர்பைன் பக்கம் போகாம திருப்பி விட்டா போதும். 1977ல ஃபிராங்க்பர்ட் ஷோல 99 டர்போ வந்துச்சு, 145 குதிரை சக்தி. அடுத்த வருஷம் 900 வந்தப்ப அதுலயும் இதே ஏற்பாடு.

எனக்கு இந்த கார்ல ரொம்ப பிடிச்ச விஷயம் ஏபிசி (APC, ஆட்டோமேட்டிக் பெர்ஃபார்மன்ஸ் கண்ட்ரோல்) சிஸ்டம் தான், கொஞ்சம் நிதானமா சொல்றேன். டர்போ எஞ்சினுக்கு பெரிய எதிரி நாக்கிங். சிலிண்டருக்குள்ள காத்தும் பெட்ரோலும் ரொம்ப அழுத்தப்பட்டு சூடாகி, ஸ்பார்க் ப்ளக்கோட தீ பரவி வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஒரு ஓரத்துல தானா வெடிக்கும், அது தொடர்ந்து நடந்தா பிஸ்டன் காலி. இதுக்கு பயந்து 99 டர்போல கம்ப்ரெஷன் ரேஷியோவ (சிலிண்டர்ல காத்து எத்தன மடங்கு அழுத்தப்படுதுங்கற அளவு) 7.2ன்னு குறைச்சி வச்சிருந்தாங்க, அதனால டர்போ வேலை செய்யாத நேரத்துல எஞ்சின் சோம்பலா இருக்கும், பெட்ரோலும் கூட குடிக்கும். 82 மாடல்ல ஏபிசி வந்துச்சு. எஞ்சின் பிளாக்ல ஒரு நாக் சென்சார், பக்கத்துல நின்னு நாடி பிடிச்சு பாக்குற வைத்தியர் மாதிரி ஓயாம அதிர்வ கவனிச்சிட்டே இருக்கும், நாக்கிங் தொடங்குற அறிகுறி தெரிஞ்ச உடனே கண்ட்ரோல் பாக்ஸ் மின்சாரத்துல இயங்குற ஒரு சொலினாய்டு வால்வு மூலமா வேஸ்ட்கேட்ட திறக்க வச்சி பூஸ்ட, அதாவது டர்போ குடுக்கற அழுத்தத்த, குறைக்கும், சரியானதும் திரும்ப ஏத்தும். இந்த பாதுகாப்பு இருக்கற தைரியத்துல கம்ப்ரெஷன 8.5க்கு கொண்டு போனாங்க, 16 வால்வு எஞ்சின்ல 9.0. இப்போ எல்லா டர்போ கார்லயும் இதே வேலைய கம்ப்யூட்டர் பண்ணுது, ஆனா எண்பதுகளோட ஆரம்பத்துல ஒரு சின்ன ஸ்வீடிஷ் கம்பெனி விக்கற கார்ல இத குடுத்தது சாதாரண காரியம் இல்ல.

இத டிரைவர் சீட்ல இருந்தே உணரலாம். டேஷ்ல இருக்கற டர்போ மீட்டர்ல நம்பரே கிடையாது, வெள்ளை, ஆரஞ்சு, சிவப்புன்னு கலர் மட்டும் தான். 98 ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங்க எவ்ளோ தாங்கும்னு சொல்ற நம்பர்) பெட்ரோல் போட்டிருந்தா முள்ளு ஆரஞ்சுல நல்லா ஏறி நிக்கும், 95 போட்டா ஏறிட்டு கொஞ்சம் இறங்கும், வெயில் நாள்ல இன்னும் தெளிவா தெரியும். எந்த பெட்ரோல் போட்டாலும் அதுல இருந்து எவ்ளோ எடுக்க முடியுமோ அத எடுத்துக்கும். 2021ல இருந்து ஸ்வீடன்ல 95ல பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்குறாங்க, பழைய ரப்பர் குழாய்கள நினைச்சி நான் 98 தான் போடுறேன்.

பானட்ட திறந்தா இன்னொரு ஆச்சரியம். பானட்டே முன்பக்கமா நகர்ந்து போய் தான் சாயும். உள்ள எஞ்சின் 45 டிகிரி சரிஞ்சி படுத்திருக்கும், அதோட பின்பக்கம் முன்னாடி திரும்பி இருக்கும், கிளட்ச் ரேடியேட்டர் பக்கம், கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில, கிளட்ச்ல இருந்து கீழ கியர்பாக்ஸுக்கு பவர் ஒரு செயின் வழியா போகும். பாக்க வினோதமா இருந்தாலும் கிளட்ச் மாத்தும்போது தான் அருமை தெரியும், எஞ்சினயும் இறக்க வேணாம் கியர்பாக்ஸயும் இறக்க வேணாம், நின்ன இடத்துலயே முன்பக்கமா கழட்டிடலாம். இங்க ஒரு குறிப்பு, கிளட்ச் மாத்துறப்ப அதோட நடுவுல இருக்கற, கிளட்ச அழுத்துற ஸ்லேவ் சிலிண்டரயும் சேத்து மாத்திடுங்க, அது தனியா பழுதானா திரும்ப அதே வேலை.

கன்வெர்ட்டிபிள் யோசனை ஸ்வீடன்ல பொறந்ததே இல்ல. சாப் அமெரிக்கா பிரிவோட தலைவர் பாப் சின்க்ளேர் தான் இத பிடிவாதமா கேட்டவரு, அமெரிக்கன் சன்ரூஃப்ங்கற கம்பெனி ஒரு சாம்பிள் வண்டி செஞ்சி குடுத்தாங்க, 1983 ஃபிராங்க்பர்ட் ஷோல வச்சதும் கூட்டம் மொய்ச்சிடுச்சு, 1986ல இருந்து பின்லாந்து ஊசிகௌபுங்கி ஃபேக்டரில தயாரிப்பு. 1993 வரைக்கும் கிட்டத்தட்ட 49,000 வண்டி. ரூஃப வெட்டி எடுத்தா பாடி தளர்ந்துடும்னு கதவுக்குக் கீழ ஓடுற சட்டம், விண்ட்ஸ்க்ரீன் பில்லர் எல்லாத்தயும் கனமா பண்ணாங்க.

குளிர் நாட்டுக்காரங்க செஞ்ச கன்வெர்ட்டிபிள்ங்கறது டாப்ல தெரியுது. பல அடுக்கு துணி, நடுவுல குளிர் தாங்குற லைனிங், பின்னாடி அந்த காலத்து கன்வெர்ட்டிபிள்கள்ல இருந்த பிளாஸ்டிக் ஷீட் இல்லாம நிஜ கண்ணாடி, அதுவும் ஹீட்டர் கம்பியோட. சீட் ஹீட்டர் சாப்ல 1971லயே வந்தது, இதுல இல்லாம இருக்குமா. ஏப்ரல் மாசம் வெளிய அஞ்சு டிகிரி, வெயில் அடிக்குதுன்னு டாப்ப இறக்கிட்டு, ஹீட்டரயும் சீட் ஹீட்டரயும் போட்டுட்டு கடலோர ரோட்டுல போறது இருக்கே, அதுக்காகவே இந்த வண்டிய வச்சிருக்கலாம். முன் கண்ணாடி மேல இருக்கற லாக்க கையால திறக்கணும், மிச்சத்த மோட்டாரும் ஹைட்ராலிக்கும் பாத்துக்கும். பின் சீட்ல ரெண்டு பெரியவங்க நிஜமாவே உக்காரலாம், எங்க அம்மா ஊர்ல இருந்து வந்தப்ப பின்னாடி உக்காந்து தான் சுத்துனாங்க, இறங்க மனசே இல்ல அவங்களுக்கு.

குறைகளும் சொல்லணும். எவ்ளோ பலப்படுத்தினாலும் பாடி ஆடும், ரோடு மோசமா இருந்தா உள் கண்ணாடி நடுங்குறது தெரியும், கார்னர்ல அழுத்தி ஓட்டுறதுக்கு இது வண்டி இல்ல. டாப் போட்டிருந்தா பின்னாடி ரெண்டு மூலையும் தெரியாது, ரிவர்ஸ் எடுக்கறப்ப இறங்கிப் பாத்துட்டு எடுக்கறது நல்லது. எஞ்சின் பல லட்சம் கிலோமீட்டர் தாங்கும், கியர்பாக்ஸ் அந்த அளவுக்கு தாங்காது, அது சாப்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பலவீனம், டர்போவோட டார்க் அதுக்கு அதிகம். அதனால கீழ் கியர்ல ஆக்ஸிலரேட்டர ஒரேயடியா மிதிக்க மாட்டேன், கியர்பாக்ஸ் ஆயில் எஞ்சின் ஆயில்ல இருந்து தனி, அத மறக்காம பாத்துக்குவேன். வேகமா ஓட்டிட்டு வந்தா கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டு டர்போ ஆறின அப்புறம் தான் ஆஃப் பண்ணுவேன். இங்க குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுவாங்க, அந்த மாசங்கள்ல வண்டி கராஜ விட்டு வெளிய வராது. ஸ்பேர் பார்ட்ஸ் பத்தி பயப்படாதீங்க, 2011ல சாப் கார் கம்பெனி திவாலானாலும் பார்ட்ஸ் பிரிவு ஓரியோங்கற பேர்ல தொடர்ந்துச்சு, வண்டி ஓடறதுக்கு வேண்டிய பார்ட்ஸ் கிடைக்குது, உள் அலங்கார சாமான்கள் தான் கஷ்டம். 30 வருஷம் தாண்டின வண்டிக்கு ஸ்வீடன்ல வருஷ வாகன வரியும் இல்ல.

வாங்கப் போறவங்க எஞ்சின் ஆறி இருக்கும்போதே போய் பாருங்க. மூணாவது கியரும் ரிவர்ஸும் சத்தமில்லாம விழுதா, விழுந்தது தானா நழுவி வெளிய வருதா பாருங்க. சாவி போடுற இடம் முன் சீட் ரெண்டுக்கும் நடுவுல இருக்கும், ரிவர்ஸ் கியர்ல போட்டா தான் சாவி வெளிய வரும், அதனால பூட்டித் திறக்கறப்பயே ரிவர்ஸ் எப்படி விழுதுன்னு கை சொல்லிடும். முன் வீல் பக்கம் டிரைவ் ஷாஃப்ட் போற இடத்துல டார்ச் அடிச்சி துரு பாருங்க, அங்க ஓட்டை இருந்தா விலைய பேசாம திரும்பிடுங்க. டாப்ப ரெண்டு மூணு தடவ ஏத்தி இறக்கி ஹைட்ராலிக் ஆயில் கசியுதான்னு பாருங்க. பூஸ்ட் ஏத்துறேன்னு ஏபிசி பாக்ஸ நோண்டி வச்ச வண்டி எவ்ளோ மலிவா கிடைச்சாலும் வேணாம், அந்த கூடுதல் டார்க் எல்லாம் கியர்பாக்ஸ் தலையில தான் விழுந்திருக்கும்.