பழைய டிராக் காரில் பெயர் தெரியாத சிலிண்டர்: ஆயிலா, தீயணைப்பா?

அமெரிக்காவில் கிளப் ரேஸ் ஓடிய 1980-களின் போர்ஷே 944 ஒன்றை நண்பர் ஒருவர் வாங்கினார். நாலைந்து கை மாறி வந்த கார். பயணி கால் வைக்கும் இடத்தில், தரையோடு கிளாம்ப் போட்டு இறுக்கிய ஒரு அலுமினிய சிலிண்டர் இருந்தது. லேபிள் உரிந்து போயிருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே கேபிளோடு ஒரு பிடி. விற்றவருக்கு அதைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

"இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்றார் நண்பர். பிடியில் கையே வைக்காதீர்கள் என்றேன். இதே மாதிரி காரை வாங்கும் யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, அக்யூசம்ப் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த ஆயில் சேமிப்புச் சிலிண்டர். இன்னொன்று, குழாய் இழுத்துப் பொருத்திய தீயணைப்புச் சிலிண்டர். இரண்டும் உருளை வடிவம், இரண்டுக்கும் அழுத்தம் காட்டும் கேஜ் உண்டு, இரண்டையுமே கேபிள் வைத்து இயக்கலாம். முதலாவதின் கேபிளை இழுத்தால் ஒரு வால்வு திறக்கும், அவ்வளவுதான். இரண்டாவதின் கேபிளை இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் கார் முழுக்கப் பீய்ச்சி அடித்துவிடும். மூன்றாவதாக, இஞ்சினுக்குக் கூடுதல் சக்தி தரும் வாயு அடைத்த நைட்ரஸ் பாட்டில் என்றும் சிலர் சொல்வார்கள். அது நேர்கோட்டில் மட்டும் ஓடும் ரேஸ் கார்களில்தான் அதிகம். கழுத்தில் கனமான பித்தளை வால்வு இருக்கும், பார்த்தாலே தெரியும். அதை விட்டுவிடலாம்.

944-இல் ஆயில் சிலிண்டரை எதிர்பார்க்கக் காரணம் இருக்கிறது. நீண்ட வளைவில் வேகமாகப் போகும்போது ஆயில், இஞ்சினின் அடியில் அது தேங்கும் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். இந்த இஞ்சினில் முதலில் அடிபடுவது இரண்டாம் நம்பர் கனெக்டிங் ராடு பேரிங், அதாவது பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடின் பேரிங். இதைத் தடுக்கத்தான் ஆயில் சிலிண்டர். அதற்குள் தனியாக ஒரு பிஸ்டன், அந்தப் பிஸ்டனுக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஆயில். இஞ்சின் ஓடும்போது ஆயில் உள்ளே புகுந்து காற்றை அழுத்தி வைக்கும். அழுத்தம் விழுந்த நொடியில் அந்தக் காற்று ஆயிலை பேரிங்குக்குத் திருப்பித் தள்ளும்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? குழாயைப் பிடித்துக்கொண்டு போவதுதான் என் கணக்கில் முதல் வழி. ஆயில் சிலிண்டரிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு ஹோஸ் கிளம்பி, இஞ்சின் அறையைப் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டைத் தாண்டி இஞ்சினின் ஆயில் பாதைக்குப் போகும். பெரும்பாலும் ஃபில்டர் பக்கம் போய்ச் சேரும். தீயணைப்புச் சிலிண்டரிலிருந்து பென்சில் பருமனில் மெல்லிய குழாய் கிளம்பிக் கிளை பிரியும். ஒன்று ஓட்டுநரின் கால் பக்கம், இன்னொன்று இஞ்சின் அறைக்கு. ஒவ்வொன்றின் முனையிலும் சின்ன நாசில் இருக்கும். பழைய ஓனர் நாசில்களைக் கழற்றியிருந்தாலும் குழாய் போன தடத்தில் ஓட்டைகளாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்தது கேஜ். தீயணைப்பு கேஜில் பச்சைப் பகுதி ஒன்று வரைந்திருக்கும். முள் அதற்குள் அசையாமல் நிற்கும். ஆயில் சிலிண்டரின் கேஜில் அழுத்தத்தைக் குறிக்கும் பி.எஸ்.ஐ. எண்கள் மட்டுமே. ஹோஸ் இஞ்சினுக்குத்தான் போகிறது என்று உறுதியான பிறகு வால்வைத் திறந்து ஸ்டார்ட் செய்தால், அந்த முள் ஆயில் பிரஷரோடு ஏறி இறங்கும். காருக்கு வெளியே, வெள்ளை வட்டத்தில் சிவப்பு 'E' என்ற ஆங்கில எழுத்து ஒட்டிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வெளியிலிருந்து தீயணைப்பை இயக்கும் பிடிக்கான குறி. நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் என்றால் அது பேட்டரி கட் ஆஃப், வேறு சங்கதி.

நண்பரின் காரில் எனக்குச் சந்தேகம் தீர்ந்த இடம் சிலிண்டரின் பின்முனை. கேஜுக்குப் பக்கத்தில் தூசி படிந்த ஒரு கறுப்பு மூடி. திருகி எடுத்தால், கார் டயரில் இருக்குமே, அதே மாதிரி வால்வு. காற்று நிரப்புவதற்காக வைத்தது. ஆயில் சிலிண்டரேதான்.

வைத்துக்கொள்வதா, கழற்றுவதா? ஆயில் சிலிண்டர் என்றால் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் பிரித்துக் கழுவாமல் ஓட்ட வேண்டாம். முன்பு எப்போதாவது பேரிங் போயிருந்தால் அந்த உலோகத் தூள் இதற்குள்தான் தங்கியிருக்கும். முதல் வளைவிலேயே புது பேரிங்குக்குப் போய்விடும். பிரிக்கும் முன் பின்முனையில் காற்றை முழுசாக இறக்கிவிட வேண்டும். வால்வு மூடியிருந்தால் மாதக்கணக்கில் நின்ற காரிலும் அழுத்தம் அப்படியே நிற்கும்.

தீயணைப்பு என்றால் என் முடிவு வேறு. பல ரேஸ் விதிகளின்படி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் ஆக வேண்டிய பொருள் அது. தேதி தெரியாத சிலிண்டரை நம்பி ஓட்டுவதைவிடப் புதிது வாங்குவதே நல்லது. ஹேலான் 1301 என்று எழுதியிருந்தால் சோதிக்கக்கூடத் திறக்காதீர்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகளில் 1994-லேயே உற்பத்தி நின்றுபோன வாயு அது. மீட்டெடுப்பவர்களிடம் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம், ஆயில் சிலிண்டர் உள்ள காரில் ஆயில் குச்சியைப் பார்க்கும்போது வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு மூன்று லிட்டர் உள்ளே மாட்டியிருக்கும்போது குச்சி குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி ஊற்றிவிட்டால், வால்வைத் திறந்ததும் சம்ப் நிரம்பி வழியும்.