பதினாறு ஆண்டுப் பிரிவா, ஒரு மூங்கில் திரையா?

வூசியா என்னும் சீன வீரசாகச நாவல்களில் மெல்லக் கனியும் காதலைத் தேடுவோரிடம் பெரும்பாலும் முதலில் நீட்டப்படுவது ஜின் யோங்கின் ‘ஷென்தியாவ் சியாலூ’. 1959இல் மிங் பாவ் நாளிதழ் தொடங்கியபோதே அதில் தொடராக வந்தது. காதலர்கள் பதினாறு ஆண்டுகள் பிரிந்திருக்கும் கதை. இதைவிட நிதானமான காதல் உண்டா என்று கேட்பார்கள். உண்டு. அதே இதழில் அவரே 1967 முதல் 1969 வரை எழுதிய ‘சியாவ்ஆவ் ஜியாங்ஹூ’. (இனி வருவதில் முடிவுகளும் வெளிப்படும்.)

இரண்டும் நாற்பது அத்தியாயங்கள் என்பதால் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பது எளிது. முன்னதில் 14ஆம் அத்தியாயத்திலேயே யாங் குவோவும் அவன் குருவான சியாவ்லோங்நூவும் வீரர்கள் கூடிய சபையில் தங்கள் காதலை மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். 28இல் திருமணமும் ஆகிவிடுகிறது. பின்னதில் 13ஆம் அத்தியாயத்தில்தான் நாயகி ரென் யிங்யிங் கதைக்குள் வருகிறாள். அப்போதும் லுவோயாங் நகரத்துச் சந்தொன்றில், மூங்கில் திரைக்குப் பின்னால். வயதான இசைவாணர் ஒருவர் அவளை ‘அத்தை’ என்பதால், நாயகன் லிங்ஹூ சோங் அவளைக் கிழவி என்றே நினைத்துப் ‘பாட்டி’ என்கிறான்.

இந்த வேறுபாடு முக்கியமானது. யாங் குவோ கதையில் உண்மையிலேயே மெல்லக் கனிகிற பகுதி தொடக்கத்தில் இருவரும் ஒரு பழங்கல்லறைக்குள் வாழும் வாழ்க்கைதான். குறைவாகச் சிரி, குறைவாகக் கோபப்படு என்று பன்னிரண்டு ‘குறைவு’களில் பழகிய பெண் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறாள். அதன்பின் இருவர் மனத்திலும் ஐயமில்லை. குருவும் சீடனும் மணக்கக் கூடாது என்ற சோங் அரசமரபுக் காலத்து ஒழுக்க விதி, நஞ்சு, வெட்டுண்ட கை, பிரிவு எனத் தடைகளெல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. அந்தப் பதினாறு ஆண்டுகளில் பெரும்பகுதியையும் 32க்கும் 33க்கும் நடுவில் கதை தாண்டிவிடுகிறது. அது காத்திருப்பு, மகத்தான காத்திருப்பு. ஆனால் கனிதல் அல்ல.

யிங்யிங் கதையில் தடை லிங்ஹூ சோங்கின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. அவன் மனம் முழுக்கத் தங்கையாய் உடன் பயின்ற யுவே லிங்ஷான்தான். திரைக்கு இப்பால் அமர்ந்து குச்சின் என்னும் நரம்பிசைக் கருவி பயிலும்போது அந்த ஏக்கத்தைத்தான் ‘பாட்டி’யிடம் கொட்டுகிறான். இன்னொருத்தி மேல் அவன் வைத்த அன்பைக் கேட்டுத்தான் இவள் மனம் சாய்கிறது! ஓடை நீரில் அவள் முகத்தை அவன் பார்ப்பதோ 17ஆம் அத்தியாயத்தில். அவன் உயிரைக் காக்க அவள் ஷாவோலின் மடத்தில் தன்னையே ஒப்படைக்கிறாள். அதற்கு அவனிடமிருந்து முதலில் நன்றிதான் வருகிறது. காதல் வர இன்னும் நாளாகிறது.

திரையாக்கங்கள் சறுக்குவதும் இங்கேதான். 2013 தொலைக்காட்சித் தொடர், நாவலில் ஆணாக வரும் எதிரி தோங்ஃபாங் புபாயைப் பெண்ணாக்கி நாயகனோடு காதலில் சேர்த்தது. அந்தக் காதல் முன்னே வந்ததும் யிங்யிங்கின் பொறுமைக்கு எடையில்லாமல் போயிற்று.

கண்ணீர் விட்டு அழ வேண்டும் என்றால் யாங் குவோ கதை. மெல்லக் கனிவதுதான் வேண்டும் என்றால் தயங்காமல் யிங்யிங் கதை. ஆனால் அவள் வருவதற்கு முந்தைய பன்னிரண்டு அத்தியாயங்களைத் தாண்டிப் போகாதீர்கள். மலைப்பாறையில் தனித்துத் தண்டனை அனுபவிக்கும் லிங்ஹூ சோங்குக்கு முன்னால் யுவே லிங்ஷான் ஒரு ஃபூஜியான் மலைப்பாட்டை முணுமுணுப்பது அங்கேதான் வருகிறது. வேறொருவன் கற்றுத்தந்த பாட்டு. 36ஆம் அத்தியாயத்தில் லிங்ஹூ சோங்கின் கைகளில் உயிர்விடும்போதும் அவள் வாயில் அதே பாட்டு. அவன் மயங்கிச் சரிகிறான். கண்விழிக்கும்போது யிங்யிங் அவளைப் புதைத்து, அவள் பெயர் எழுதிய கல்லும் நட்டு முடித்திருக்கிறாள்.