மழலையர் வளர்ச்சி படிக்க: டி லெவலா, ஏ லெவலா, அப்ரண்டிஸ்ஷிப்பா?

இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. என்னும் பள்ளித் தேர்வை முடித்தபின் சிறு குழந்தைகளின் வளர்ச்சியைப் படிக்க விரும்பும் பதினாறு வயது மாணவருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. வகுப்பறைப் படிப்பையும் பணியிடப் பயிற்சியையும் இணைக்கும் இரண்டாண்டுத் தொழிற்படிப்பான டி லெவல் ஒன்று; ‘கல்வி, மழலைப் பருவம்’ என்ற டி லெவல், 2020 செப்டம்பரில் தொடங்கப்பட்ட முதல் மூன்றனுள் ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு முன் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் ஏ லெவல்களை, உளவியலைச் சேர்த்து எடுப்பது மற்றொன்று. நர்சரியில் ஊதியம் பெற்றுக்கொண்டே பயிலும் அப்ரண்டிஸ்ஷிப் மூன்றாவது. ஏ லெவலே உயர்ந்தது, மற்றவை மதிப்பெண் குறைந்தவர்களுக்கு என்று பல பெற்றோர் கருதுகின்றனர். நான் இதை ஏற்கவில்லை. மாணவர் இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு நேரம் குழந்தைகளுடன் இருப்பார் என்பதை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும்.

ஏ.க்யூ.ஏ. என்னும் தேர்வு வாரியத்தின் ஏ லெவல் உளவியலில் பிணைப்பு, அதாவது குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான உணர்வுப் பந்தம், கட்டாயப் பகுதி. தாய் அறையைவிட்டு வெளியேறித் திரும்பும்போது குழந்தை நடந்துகொள்ளும் விதத்தை உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் எவ்வாறு வகைப்படுத்தினார், அம்முறையின் குறைகள் யாவை என்றெல்லாம் மாணவர் ஆழமாக எழுதக் கற்கிறார். ஆய்வு முறைகளிலும் புள்ளியியலிலும் கிடைக்கும் இந்தப் பயிற்சிக்கு டி லெவலில் அதே அளவு இடம் இல்லை. ஆனால், இந்த டி லெவலில் மழலைக் கல்வியாளர் என்னும் சிறப்புப் பிரிவில் பயில்பவர் 750 மணி நேரம் பணியிடப் பயிற்சி பெற வேண்டும். மற்றப் பெரும்பாலான டி லெவல்களுக்கு 315 மணி நேரமே போதும். தந்தை கதவைத் தாண்டிச் சென்றதும் அழத் தொடங்கும் இரண்டு வயதுக் குழந்தை எவரிடம் போய் ஒட்டிக்கொள்கிறது, எத்தனை வாரங்களில் அழுகை அடங்குகிறது என்பதை அவர் நேரில் கவனித்துக் குறிப்பெடுக்கிறார். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளுக்கு உதவுவதும் இப்படிப்பின் அடிப்படைப் பாடங்களுள் அடங்கும். தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த மாணவருக்கு இது உண்மையான பலம்.

வேலைத் தகுதியிலும் வேறுபாடு பெரிது. நர்சரிகளில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவரும், இரண்டு வயதினர் ஐவருக்கு ஒருவரும் இருக்க வேண்டும் என்பதும், பணியாளர்களில் குறைந்தது ஒருவரேனும் மழலையர் பணிக்கென ஏற்கப்பட்ட மூன்றாம் நிலைத் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதும் சட்ட விதி. இந்தப் பிரிவில் டி லெவல் தேறியவருக்கு அந்தத் தகுதி உண்டு. உளவியலில் மிக உயர்ந்த தரம் பெற்றவருக்கும் ஏ லெவல் மட்டும் அதைத் தராது.

பல்கலைக்கழகச் சேர்க்கையில் டி லெவல் மூன்று ஏ லெவல்களுக்கு நிகராகக் கணக்கிடப்படுகிறது. சிறப்புத் தகுதி பெற்றால் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான 144 யூகாஸ் புள்ளிகள் கிடைக்கும். ஆயினும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் எல்லாப் பாடங்களுக்கும் அதை ஏற்பதில்லை. உளவியலாளராகவோ பேச்சு சிகிச்சையாளராகவோ விரும்புபவர் சேர்க்கை விதிகளை முன்கூட்டியே பார்ப்பது அவசியம். ஐயமிருந்தால் ஏ லெவலே பாதுகாப்பானது. ஆரம்பப் பள்ளி ஆசிரியராக எண்ணுபவர் எவ்வழியில் சென்றாலும் ஜி.சி.எஸ்.இ. ஆங்கிலம், கணிதம், அறிவியலில் நான்காம் தரமோ அதற்கு மேலோ தேவை.

டி லெவல் பயிற்சிக்கு ஊதியம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. குடும்பத்துக்கு உடனே வருமானம் தேவையென்றால் அப்ரண்டிஸ்ஷிப்பை நாடலாம். அதற்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது. ஆனால் முழுநேரம் உழைத்துவிட்டுப் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் களைப்பு அதிகம். வேறு துறைக்கு மாறவும் வாய்ப்புக் குறைவு.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு வேலை செய்வதில் உறுதியாக உள்ளவருக்கு டி லெவலையே பரிந்துரைப்பேன். சேருமுன் கல்லூரியிடம், 750 மணி நேரப் பயிற்சி எந்த நர்சரிகளில் நடக்கும், எந்தெந்த வயதுக் குழந்தைகளுடன் நடக்கும், அங்கே மாணவரைக் கவனித்து வழிநடத்துபவர் யார் என்று கேட்டுத் தெளிவான விடை பெற வேண்டும்.