அஞ்சு பெட்டியிலும் சத்தம் வந்தால் அது சரவுண்ட் இல்லை: 46,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம். அப்பாவுக்குப் படம் என்றால் உயிர். முழங்கால் வலி வந்ததிலிருந்து தியேட்டர் படி ஏற முடியவில்லை. மாங்காய் விற்ற காசில் அவருக்காக வீட்டிலேயே 5.1 செட் (சுற்றி ஐந்து பெட்டி, பேஸுக்கு ஒரு சப்வூஃபர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சத்தம்) போடலாம் என்று கிருஷ்ணகிரி டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் போனை ப்ளூடூத்தில் இணைத்து ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். நெஞ்சு அதிர்ந்தது, முதுகுப் பக்கமிருந்தும் சத்தம் வந்தது. அதில் விழுந்துவிட்டேன்.

பின்பக்கத்துக்குச் சின்னப் பெட்டி போதுமா என்று கேட்டேன். "சின்னது வச்சா எஃபெக்டே வராது சார், பின்னாடியும் டவர் போடுங்க" என்றார். தரையில் நிற்கும் அந்த உயரமான பெட்டிகளுக்கு மட்டும் 14,000 ரூபாய் கூடுதல். மொத்தம் 46,000. "ஜிஎஸ்டி பில் போட்டா 18 சதவீதம் ஏறும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்று எஸ்டிமேட் சீட்டு ஒன்றை நீட்டினார். 10,000 ஜிபே, மீதி ரொக்கம்.

வீட்டில் மாட்டிப் படம் போட்டால் ஹீரோ பேசுவது பின்பக்கப் பெட்டியிலும் கேட்கிறது. நாலு நாள் பார்த்துவிட்டு அப்பா, "பக்கத்து வீட்டு டிவி மாதிரி இருக்குதுப்பா" என்றார். கடைக்கு போன் செய்தால் வயரிங் தப்பாக இருக்கும் என்றார்கள். ஒரு பையன் வந்து வயரை மாற்றிச் சொருகிவிட்டுப் போனான். ஒன்றும் மாறவில்லை.

தீபாவளிக்கு ஓசூரிலிருந்து தங்கச்சி வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு ஆடியோ சர்வீஸ்தான் தொழில். "மச்சான், ஆம்ப்ளிஃபயரைத் திருப்புங்க" என்றார். பின்னால் ஆக்ஸ், யூஎஸ்பி, ப்ளூடூத் ஆன்டெனா மட்டும்தான். டிவி சத்தத்தை டிஜிட்டலாக வாங்கும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி சொருகுமிடமும் இல்லை, ஆப்டிகலும் இல்லை. 5.1 சத்தம் டிவியிலிருந்து இந்த இரண்டு வழியில் ஒன்றில் வந்து, உள்ளே இருக்கும் டீகோடர் அதை ஆறாகப் பிரிக்க வேண்டும். ப்ளூடூத்திலும் ஆக்ஸிலும் வருவது இடது, வலது என்று இரண்டே சேனல். அந்த இரண்டையே எல்லாப் பெட்டிக்கும் பங்கு போட்டு என்னிடம் 5.1 என்று விற்றிருக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் 5,000 வாட்ஸ் பிஎம்பிஓ (கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று போட்டிருந்தது. ஆம்ப்ளிஃபயர் முதுகில் இருந்த ஸ்டிக்கரோ 90 வாட்ஸ் என்கிறது. 90 வாட்ஸ் கரண்ட் இழுக்கிற பெட்டி தொடர்ந்து அதைவிட அதிகம் எப்படிக் கொடுக்கும்? ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கும் பவர், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

டவரைக் கழற்றினார். முன்னால் தெரிந்த நாலு கூம்பில் இரண்டுக்கு வயரே போகவில்லை. காப்பர் என்று கொடுத்த ஸ்பீக்கர் வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம்.

பின்பக்கம் டவர் தேவையே இல்லையாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் பேஸை சப்வூஃபரிடம் விட்டுவிட்டால், முன்பக்கப் பெட்டிகளோடு குரல் ஒத்துப்போகிற சின்ன புக்‌ஷெல்ஃப் ஜோடியே சரவுண்டுக்குப் போதும். அதை உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி, டிவி இருக்கும் நேர்கோட்டிலிருந்து 110 டிகிரி வாக்கில், காதுக்கு ஒன்று இரண்டு அடி மேலே மாட்ட வேண்டும். கடைப் பையன் சுவர் மூலையில் கூரையை ஒட்டி வைக்கச் சொல்லியிருந்தான்.

கடையில் பாட்டுப் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். டிவியோடு இணைத்து, ஒவ்வொரு சேனலும் தனித்தனியாகப் பேசும் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். வலது பின்பக்கம் பேசும்போது மற்ற நாலும் வாய் மூடியிருக்க வேண்டும். டிவி செட்டிங்கில் ஆடியோ பிசிஎம் என்று இருந்தால் டீகோடர் உள்ள நல்ல ஆம்ப்ளிஃபயருக்குக்கூட இரண்டு சேனல் ஸ்டீரியோதான் போய்ச் சேரலாம், அதையும் பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "கனெக்ஷன் கொடுத்த பொருளை எடுக்க மாட்டோம்" என்றார். சீட்டைக் காட்டினால் "இதுல எங்க கடை பேரே இல்லையே" என்கிறார். உண்மைதான், பேரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. நம்ம ஊர்க் கடை பில் என்றால் 33ல் தொடங்கும் 15 இலக்க எண் இருக்கும். 18 சதவீதம் மிச்சம் என்று நினைத்ததுதான் இன்று என் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே விவரம், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய "5.1 டால்பி ஒரிஜினல்" மெசேஜ், பெட்டியைக் கழற்றிய வீடியோ மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதே கடையில் இப்படி வாங்கியவர்கள் இருந்தால் இன்றே ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் எழுதிய கடிதம் திங்கட்கிழமை ஸ்பீடு போஸ்டில் போய்விட்டது.