பென்சில்வேனியா மான் வேட்டை லைசென்ஸ்: 21 டாலருக்கு என்ன கிடைக்கிறது

பென்சில்வேனியாவில் குடியிருப்பவர்களுக்கு வருட லைசென்ஸ் 20.97 டாலர். ஒரு ஆண் மானுக்கான டேக் (சுட்ட மானில் கட்ட வேண்டிய அனுமதிச் சீட்டு) அதிலேயே வந்துவிடும், பெட்டை மானுக்குத் தனியாக 6.97 டாலர் கட்ட வேண்டும். பல வருடமாக வாங்கி வருகிறேன், கொடுத்த காசுக்கு இவ்வளவு திரும்பக் கிடைக்கிற சேவை வேறு எதையும் நான் பார்த்ததில்லை. காடு பெரிது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, சீசனை அமைத்திருக்கும் விதத்துக்காகச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்களில் தொடங்கி இரண்டு வாரம் ஆண் மான் மட்டும், அப்புறம் மூன்றே நாள் பெட்டைக்கு. அதனால் எல்லாரும் கொம்பைத் தேடியே சுட்டார்கள். பெட்டைகள் பெருகி, முளைக்கிற மரக்கன்றைக்கூட விடாமல் மேய்ந்தன. சுடப்பட்ட ஆண்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஒன்றரை வயதுதான். கரடி ஆராய்ச்சியில் பேர் வாங்கிய கேரி ஆல்ட் 1999இல் மாநில வேட்டைத் துறையில் மான் பொறுப்புக்கு வந்தார். 2001இல் இரண்டு சீசனையும் ஒரே இரண்டு வாரத்தில் சேர்த்தார்கள், 2002இல் கொம்பு விதி வந்தது, அதாவது கொம்பில் போதிய கிளை இல்லாத ஆணைச் சுடக் கூடாது. கடும் எதிர்ப்பு, 2004 கடைசியில் அவர் விலகினார், ஆனால் கொம்பு விதி நிலைத்துவிட்டது. இப்போது சுடப்படும் மூன்று ஆண்களில் இரண்டு, இரண்டரை வயதோ அதற்கு மேலோ.

கொம்பு விதியைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், என் கண்ணுக்கு அதைவிட முக்கியம் தேதி. இங்கே பெட்டைகள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் இணை சேரும். துப்பாக்கி சீசன் அதற்கு அப்புறம் வருவதால் ஆண்கள் தங்கள் வேலையை முடித்துவிடுகின்றன. பெட்டைகள் பெருகி ஆண்கள் போதாமல் போனால் சினையாகாத பெட்டை 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும், குட்டி ஒரு மாதம் பிந்திப் பிறக்கும், பனி விழும்போது அதன் உடம்பில் கொழுப்பு இருக்காது. பெட்டை டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

போன சீசனில் ஸ்ப்ரூல் அரசுக் காட்டில், ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே, காலை எட்டு மணிக்கு ஒரு ஆண் மான் அறுபது அடியில் வந்து நின்றது. இடக்கொம்பில் இரண்டு கிளை. வலக்கொம்பில் இரண்டும், மூன்றாவதாக ஒரு மொட்டும். இந்தப் பகுதியில் ஒரு பக்கத்தில் மூன்று கிளை வேண்டும், ஒவ்வொன்றும் ஓர் அங்குலமாவது இருந்தால்தான் கணக்கு. (மேற்கு ஓரப் பகுதிகளில் நெற்றியை ஒட்டிய கிளையைக் கழித்துவிட்டு மூன்று.) பைனாகுலரில் மூக்கு ஈரமும் மூச்சு ஆவியும் தெரிகிறது, மொட்டு அங்குலமா அரையா என்று மட்டும் தெரியவில்லை. சந்தேகம் இருந்தால் சுடக் கூடாது, துப்பாக்கியின் சேஃப்டியைப் போட்டுவிட்டேன். அரை மணி கழித்து ஒரு பெட்டை வந்தது, அதைச் சுட்டு, பெட்டை டேக்கைப் போட்டேன். பிப்ரவரி வரை வீட்டில் அந்தக் கறிதான்.

குறையும் உண்டு. பெட்டை டேக் அதில் போட்டிருக்கும் வேட்டைப் பகுதிக்குத்தான் செல்லும்; விற்ற கடையில் நான் கேட்டதை விட்டு வேறு பகுதி எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், திரும்பப் போய் மாற்ற அரை நாள் வீண். பெரிய குறை வில் சீசன். அக்டோபரில் தொடங்கி இணை சேரும் நாட்கள் வரை ஓடுகிறது, 2009லிருந்து குறுக்குவில்லும் (விசையை அழுத்தி எய்யும் வில்) அனுமதி. பெட்டையின் பின்னால் மதிமறந்து திரியும் பெரிய ஆண்கள் அப்போதே விழுகின்றன. துப்பாக்கி சீசனைத் தள்ளி வைத்துக் காப்பாற்றியதில் ஒரு பங்கு இங்கே கைவிட்டுப் போகிறது. நவம்பரில் ஒரு வாரத்தையாவது பெட்டைக்கு மட்டும் என்று ஆக்கலாம். அரை நட்சத்திரம் குறைத்தது அதற்குத்தான். நான்கரை.

சிறுவர் லைசென்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொம்பு விதியில் சலுகை உண்டு, கூட்டிப் போங்கள். துப்பாக்கி சீசனில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் கட்டாயம். பெட்டை டேக் விற்பனை ஜூன் கடைசியில் தொடங்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள், வாங்கியதும் கடையிலேயே நின்று பகுதி எண்ணைச் சரிபாருங்கள்.