கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: ஐந்தொகை நேரானால் மின்மஸ் பக்கம்தான்

பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள் பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய சீமை இது. காரைக்குடி, தேவகோட்டைப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு பிடிபட அந்தக் கணக்குப் புத்தி போதும். ராக்கெட் கட்டி விண்ணுக்கு அனுப்பும் கணினி விளையாட்டு இது. 2015-இல் முழு வடிவில் வெளிவந்த கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் ஆய்வுப் பயணங்கள் பெரும்பாலும் கிளம்பும் முன்பே தோற்றுவிடுகின்றன. காரணம், டெல்டா-வி கணக்கு உதைப்பது. ராக்கெட் தன் வேகத்தை மொத்தம் எவ்வளவு மாற்ற முடியும் என்பதே அந்த அளவு. அதுதான் கையிருப்பு.

விளையாட்டின் சொந்தக் கோளான கெர்பினின் சுற்றுப்பாதை ஏற நொடிக்கு 3,400 மீட்டர். அங்கிருந்து மன் என்ற நிலாவுக்கு 860, அதைச் சுற்ற 310, இறங்க 580, வீடு திரும்ப இன்னொரு 890. ஆகமொத்தம் 6,040. மின்மஸ் என்ற இன்னொரு நிலா இருப்பது 47,000 கி.மீ. தொலைவில், மன்னைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம். ஆனால் செலவு அதே 3,400-க்குப் பிறகு 930, 160, 180, திரும்ப 340 என்று 5,010-லேயே முடிகிறது. ஈர்ப்பு அவ்வளவு குறைவு. அதன் பாதை 6 டிகிரி சாய்ந்திருப்பதால் திருத்தத்துக்கு 300 கூடுதலாக வையுங்கள். முதல் தரையிறக்கம் மின்மஸில்தான் என்று உறுதியாகச் சொல்வோம்: மன்னின் சரிவுகளில் கால்கள் சாய்ந்து கலம் கவிழும், மின்மஸின் சமவெளிகள் ஆத்தங்குடிக் கல் பாவிய தரைபோல் மட்டமானவை.

கட்டும்போது டெல்டா-வியைக் கடல்மட்டத்துக்கும் வெற்றிடத்துக்கும் மாற்றிப் பார்க்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டெரியர் எஞ்சினின் ஐஎஸ்பி, அதாவது எரிபொருள் சிக்கன அளவு, வெற்றிடத்தில் 345, கடல்மட்டத்தில் வெறும் 85. அதை மேல் அடுக்குக்கு மட்டும் வையுங்கள். பாராசூட் எஞ்சினோடு ஒரே ஸ்டேஜில், அதாவது ஒரே சமயத்தில் இயங்கும் அடுக்கில், சேர்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

பணம் ஈட்டி விளையாடும் கேரியர் முறையில் ஆரம்ப ஏவுதளம் 18 டன்தான் தாங்கும், கட்டுமானக் கூடம் 30 பாகங்கள்தான் ஏற்கும். ஆனாலும் கையில் பணம் வந்ததும் முதலில் கண்காணிப்பு நிலையத்தையும் மிஷன் கன்ட்ரோலையும் உயர்த்துங்கள். இரண்டும் உயராமல் பாதைத் திட்டமிடும் புள்ளிகளைப் போட முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: உயர்த்தாத நிலையத்தோடு கம்யூனோட்ரான் 16 ஆன்டெனா 31,600 கி.மீ. வரைதான் பேசும். மன்னிலிருந்து தகவல் வரும், மின்மஸிலிருந்து வராது. ஆன்டெனா பழுதென்று நினைத்துக் கலத்தைக் கைவிட வேண்டாம், தரவைக் கையோடு கொண்டுவாருங்கள்.

திரும்பும்போது வெப்பக் கவசம் கட்டாயம். கெர்பினுக்கு மிக அருகே வரும் புள்ளியை 30 முதல் 35 கி.மீ. உயரத்தில் வையுங்கள்.

குறை என்றால், தமிழ் இடைமுகம் இல்லை, ஒப்பந்த வாசகங்களும் சுருக்கம். சித்திரை வெயிலில் லேப்டாப் சூடேறினால் மேலே இடப்பக்கக் கடிகாரம் பச்சையிலிருந்து மஞ்சளாகும். விளையாட்டு நேரம் மெதுவாகிவிட்டது என்று பொருள். பாகங்களைக் குறைத்தால் சரியாகும். தரையிறங்கும் முன் எஃப்5 அழுத்திச் சேமியுங்கள், கரண்ட் போனாலும் கவலையில்லை.

வாங்குவதானால் முதல் பாகத்தையே வாங்குங்கள். 2023 பிப்ரவரியில் முன்னோட்டமாக வந்த இரண்டாம் பாகம் முழுமை பெறவில்லை.